மடியில் இருந்த பை

பச்சை நிறப் பை. ஓரம் நைந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத் தோள்பட்டை அறுந்து, அதை ஷூ லேஸ் போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே சாப்பாட்டு டப்பா சாய்ந்து கிடந்திருக்க வேண்டும், எலுமிச்சை சாத வாசனை வந்தது. அந்தப் பை என்னுடையது இல்லை. யாருடையது என்றும் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். நின்றுகொண்டிருந்த ஒரு பையன் நீட்டினான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். இன்றைக்கும் கூட்டமான பஸ்ஸில் யாராவது பையை நீட்டினால் என் கை உடனே போவதில்லை. முதலில் படிக்கட்டுப் பக்கம் பார்க்கிறேன். பிறகுதான் வாங்குகிறேன்.

எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் அது வழக்கம். உட்கார்ந்திருப்பவர் மடி எல்லாருக்கும் பொது. நிற்கிறவர் வாய் திறந்து கேட்கமாட்டார், பையை நீட்டுவார். உட்கார்ந்திருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். இறங்குகிற நேரத்தில் கை நீளும், பை போய்விடும். பேர் ஊர் விசாரிப்பது கிடையாது. சில நாள் என் மடியில் மூன்று நான்கு பை சேர்ந்துவிடும். என் முகமே வெளியே தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை பைக்குப் பின்னால் உட்கார்ந்தால் நம்மை யாரும் பார்க்க முடியாது.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் வீடு பாரிவாக்கத்தில். பள்ளிக்கூடம் கரையான்சாவடியைத் தாண்டி. என் அம்மாவும் எதிர் வீட்டு அம்மாவும் ஒரே வேனில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவார்கள். அந்த எதிர் வீட்டுப் பையன் என்னைவிட ஒரு வகுப்பு மேலே. சின்ன வயதிலிருந்து பார்த்த பையன்தான். ஒல்லி. சத்தமாகப் பேசமாட்டான். தண்ணி லாரி வரும் நாளில் முதல் ஆளாக ஓடி டியூபைப் பிடித்து எங்கள் டிரம்மில் போடுவான். “ஏய், கொடம் எட்தா, லாரி வந்துச்சி” என்பான். அவன் என்னிடம் பேசியதெல்லாம் ஏறக்குறைய அது ஒன்றுதான். அதில் ஒரு கெட்டதும் இல்லை. அவன் வந்தால் எனக்குப் பயமே வராது.

பதினொன்றாம் வகுப்புக்கு அவன் ஆண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனான். கொஞ்ச நாளில் முடி மாறியது. பேண்ட் இறுகியது. வலது கையில் இரும்புக் காப்பு ஏறியது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாருக்கும் அந்தக் காப்பு இருந்தது. பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு தகரத்தில் அதை அடிப்பார்கள். டண் டண் டண் என்று ஒரு தாளம். பஸ் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். நிறுத்தத்தில் நிற்கிற பெண் பிள்ளைகள் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பையை மார்போடு தூக்கிப் பிடிப்போம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை தானாகப் போகும்.

ஒரு நாள் பஸ்ஸில் ஏறக் காலை வைத்தேன். “டேய், அண்ணி வர்றாங்கடா, வழி உடுங்கடா” என்று ஒருவன் கத்தினான். படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் ஒதுங்கினார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் இல்லை. உள்ளே ஒரு பையன் எழுந்து, “அண்ணி, குந்துங்க” என்றான். அவனுக்கு மீசை இருந்தது. எனக்குப் பதினைந்து வயது. உட்காராமல் நின்றேன். “குந்துங்க அண்ணி, இல்லாங்காட்டி அண்ணாத்தே எங்களத் திட்டுவாரு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாத்தே யார் என்று நான் கேட்கவில்லை. படிக்கட்டில் எதிர் வீட்டுப் பையன் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கினான். அவன் காது சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர்கள் செட்டில் அதுதான் முறை. ஒவ்வொருவனுக்கும் ஒரு ‘ஆளு’ இருக்க வேண்டும். ஒருவன் ஒரு பெண்ணின் பேரைச் சொல்லிவிட்டால் அவள் மற்றவர்களுக்கு அண்ணி. அதற்குப் பிறகு வேறு எவனும் அவளைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அடி. முதல் அடி அந்த அண்ணாத்தேயுடையது, அப்புறம் மற்றவர்கள். இதில் அந்தப் பெண்ணைக் கேட்பது என்று ஒன்று கிடையாது. அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

தினமும் நடந்தது. “அண்ணி துன்னீங்களா?” “அண்ணிக்கு ஜொரமாடா, மூஞ்சி வாடிப்போய்க்கீது?” கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். “இன்னா அண்ணி, எறங்கலியா? ஸ்டாப்பிங் வந்துச்சி பாரு” என்பார். பஸ்ஸே சிரிக்கும். கேலி செய்தால் திருப்பித் திட்டலாம். கையைப் பிடித்தால் கத்தலாம். இவர்கள் மரியாதை கொடுத்தார்கள். மரியாதையை என்ன சொல்லித் திட்டுவது? யாரிடம் போய்ச் சொல்வது? வகுப்பில் ஒரு பிள்ளை, “உனக்கென்னடி, ஒரு செட்டே காவலுக்குக் கீது” என்றாள். பொறாமையாகத்தான் சொன்னாள்.

எதிர் வீட்டுப் பையன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். லாரி வந்தால் முன்போலவே டியூபைப் பிடித்து எங்கள் டிரம்மில் போடுவான். அவன் அம்மா, “டேய், அந்தப் பொண்ணு கொடத்தத் தூக்கி வெச்சிட்டு வாடா” என்பார். தூக்குவான். குடத்தில் காப்பு பட்டு டண் என்று கேட்கும். தெருவில் தண்ணீர் தூக்குகிற கையும் பஸ்ஸில் தகரத்தை அடிக்கிற கையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். அம்மா, “இன்னாடி மரம் மாதிரி நிக்கற?” என்பாள். நான் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அரையாண்டுப் பரீட்சை முடிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் முழுப் பரீட்சை எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தச் சாயங்காலம் பஸ்ஸில் கூட்டம் அதிகம். நான் உட்கார்ந்திருந்தேன். வேறு பள்ளிக்கூடத்துச் சட்டை போட்ட ஒரு பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் வேர்வை வழிந்தது. பையை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். நான் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

படிக்கட்டில் தாளம் நின்றது.

“மாமே, அண்ணி மடியில எவன் பைடா அது?”

பஸ்ஸில் அத்தனை சத்தம் இருந்தது. எனக்கு அது மட்டும்தான் கேட்டது. பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தூக்கினேன். அவன் கை எட்டவில்லை. அதற்குள் கரையான்சாவடி நிறுத்தம் வந்துவிட்டது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். “இன்னா ப்ரோ, இன்னா நான் பண்ணேன்?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினான். எதற்கு என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். யாரும் அடிக்கவில்லை, காத்திருந்தார்கள். எதிர் வீட்டுப் பையனை நடுவில் தள்ளினார்கள். அவன் கை மேலே போனது. காப்பு அந்தப் பையனின் காதோரம் பட்டது. அதற்குப் பிறகு எல்லாரும் விழுந்து அடித்தார்கள். கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

பை என் மடியில் இருந்தது. பாரிவாக்கம்வரை அதன் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி, “ஏம்மா, பையத் தூக்கி வெளியே போட்றதுதானே” என்றாள். எனக்கு விரல் விரியவில்லை. இறங்கும்போது பார்த்தேன், பிடி முழுக்க ஈரம்.

வீட்டுக்கு எடுத்துவந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. டப்பாவைத் திறந்தேன், பாதிச் சோறு மிச்சம் இருந்தது. கொட்டிவிட்டுக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தேன். ஏன் கழுவினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கழுவாமல் வைத்தால் நாற்றம் வரும். அம்மா வருவதற்குள் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நீ இன்னாத்துக்குடி அந்தப் பைய வாங்கின?” அப்பாவும் அதையே கேட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெரிய டீச்சரும், “பசங்க பையை எல்லாம் ஏம்மா வாங்கற?” என்றார். எல்லாருக்கும் அந்த ஒரு கேள்விதான். எனக்கு ஒரு பதில்தான் இருந்தது. நீட்டினான், வாங்கினேன். அந்தப் பதில் யாருக்கும் போதவில்லை.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டுப் பையன் எங்கள் டிரம் பக்கம் வந்து நின்றான். தனியாக வந்தான். பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று நான் தெருக்கோடிவரை பார்த்தேன். அவனும் பார்த்தான். பயத்தில் நான் துடைப்பத்தைக் கையில் வைத்திருந்தேன்.

“அந்தப் பையக் குடு. நான் கொண்டுபோய் குட்துடறேன்.”

“அந்தப் பையன் எப்டிகீறான்?”

“ஒரு காது கேக்கலியாம்.” தரையைப் பார்த்துச் சொன்னான். “நான் மொதல்ல கை வெக்கலன்னா என்னப் பொட்டன்னுவானுங்க. அப்பால எனக்கு அங்க எடமே கிடியாது. தினிக்கும் அடி வாங்கணும்.”

“எம் பேர ஏன் சொன்ன?”

“ஆளு யாரு, ஆளு யாருன்னு உட மாட்டேன்னுட்டானுங்க. வேற எந்தப் பொண்ணு பேரும் எனக்குத் தெரியாது. உன் பேரு வாயில வந்துச்சி.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. அவனுக்கு என்மேல் ஆசைகூட இல்லை. வாயில் ஒரு பேர் வந்தது, ஒரு பையனுக்குக் காது போனது.

பையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் நின்றான். “நாளிக்கு பஸ்ல என்னப் பாத்து ஒரு வாட்டி சிரிச்சிடு. போதும். இல்லன்னா, அவ்ளோ அடிச்சியே, அவ உன்னக் கண்டுக்கவே இல்லியேன்னு உயிர வாங்குவானுங்க” என்றான். கெஞ்சினான். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் காலடி வெகு நேரம் நகரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவன் நின்றான். இரண்டு பேருக்கும் பயம். அவனுடைய பயத்துக்கும் சேர்த்து நான்தான் சிரித்தாக வேண்டும் என்று அவன் நினைத்தான்.

மறுநாள் பஸ் ஏற வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். பரீட்சை எழுதவில்லை. கொஞ்ச மாதத்தில் அம்மா வேனில் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டப் போனேன், பிறகு மிஷினில் உட்கார்ந்தேன். எதிர் வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த அடிக்குப் பிறகு அவனுக்கு அங்கே மரியாதை கூடியது என்று கேள்விப்பட்டேன். பன்னிரண்டு முடித்தான். அப்புறம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள்.

பல வருஷம் கழித்துக் கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் அவனைப் பார்த்தேன். நான் ஒரு வேலையாகப் போயிருந்தேன். பைக்கை நிறுத்திவிட்டு நின்றான். உடம்பு பெருத்திருந்தது. கையில் காப்பு இல்லை. அவன்தான் முதலில் பேசினான். “என் பொண்ணுக்காக வெய்ட் பண்றேன்” என்றான். “பஸ்ல உட்றதில்ல. லீவ் போட்டாவது நானே வந்து இட்டுனு போய்டுவேன்.” பிறகு, “பயமா கீது” என்றான். நான் ஒன்று மட்டும் கேட்டேன்.

“அந்தப் பையக் குட்தியா?”

“குட்தேன். அவங்கம்மாதான் வாங்கினாங்க. டப்பாவத் தொறந்து பாத்துட்டு, இத யாருப்பா கழுவி வெச்சதுன்னு கேட்டாங்க. நான் ஓடியாந்துட்டேன்.”

பள்ளிக்கூட மணி அடித்தது. பெண் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவன் எம்பி எம்பித் தன் மகளைத் தேடினான். கூட்டத்தில் அவன் கண் ஓடிய விதத்தைப் பார்த்தேன். அந்த வயதில் நான் படிக்கட்டைப் பார்த்த மாதிரியே இருந்தது.

இதையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம் என் மகன். பதினொன்றாம் வகுப்பு, ஆண்கள் பள்ளிக்கூடம். நாங்கள் இப்போது கரையான்சாவடியில் வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் அவன் கையில் காப்பைப் பார்த்தேன். “எல்லாரும் போட்றாங்கம்மா” என்றான். எல்லாரும் போடுகிறார்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவன் கூடத்தில் படுத்தபடி போனில் கூட்டாளியோடு பேசினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

“மச்சான், நேத்து அண்ணியப் பாத்தன்டா. ரெட்ட ஜடை. செம மாமே.”

என் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. அரிசி அடியில் உட்கார்ந்தது. போய்க் கேட்டேன்.

“யாருடா அண்ணி?”

“சும்மாம்மா. கலாய்க்கிறானுங்க.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல. சொல்லணும்.”

“சொல்றதுக்கு முன்னாலயே அண்ணியா?”

“அது அப்படித்தாம்மா. செட்டுல சொல்லிட்டா வேற எவனும் அவகிட்ட வாலாட்ட மாட்டான். அவளுக்கு சேஃப்டிதான்.”

நல்ல பிள்ளை அவன். குடம் தூக்குவான், என் காலில் சுளுக்கு என்றால் தைலம் தேய்த்துவிடுவான். அந்த நல்ல பிள்ளை வாயிலிருந்துதான் இது வந்தது. அதுதான் என்னை உலுக்கியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “என் புள்ளிக்கு அதுக்குள்ள ஆளு கீதா!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் மகனை உட்காரவைத்து அந்தப் பையின் கதையைச் சொன்னேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. கால்வாசி சொன்னேன். “நாங்க அப்படியெல்லாம் இல்லம்மா” என்றான். எதிர் வீட்டுப் பையனும் அப்படி இல்லை. அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி வேனை விட்டுவிட்டேன். மகன் போகிற பஸ்ஸில் முன்பக்கமாக ஏறினேன். பின் படிக்கட்டில் செட்டு தொங்கியது. என்னை அவன் பார்க்கவில்லை. டண் டண் டண் என்று ஆரம்பித்தது. இத்தனை வருஷம் ஆகியும் கை தானாகப் பையை மார்போடு தூக்கியது. பெண்கள் பக்கம் இரட்டை ஜடை போட்ட ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்திருந்தாள். “குட் மார்னிங் அண்ணி” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தக் கழுத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். “இத வெச்சிக்கிறியாமா?” என்று என் சாப்பாட்டுப் பையை நீட்டினேன். கம்பெனி வெட்டுத் துணியில் நானே தைத்தது. நீலத்துணி, சிவப்புப் பிடி. மகனுக்கும் அதே துணியில் ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். அப்புறம்தான் வாங்கினாள்.

தாளம் நின்றது.

“மச்சான், அண்ணி மடியில எவன் பைடா அது?”

அதே கேள்வி, வார்த்தைகூட மாறவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இன்னொருவன் எட்டிப் பார்த்தான். “டேய், உன் சாப்பாட்டுப் பை மாதிரியே கீதுடா.” கூட்டத்துக்கு நடுவே என் மகன் தலை நீண்டது. பையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

“எங்கம்மா பை” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அடுத்த நிறுத்தம்வரை தகரத்தில் சத்தம் வரவில்லை. நாளைக்கு வருமா, வராதா, எனக்குத் தெரியாது. நான் தினமும் வேனை விட முடியாது. அந்தப் பிள்ளை இறங்க எழுந்தாள். பையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகுதான் கையில் உறைத்தது. பிடி முழுக்க ஈரம்.